கொலு பொம்மைத் தொகுப்பு

கொலு பொம்மைத் தொகுப்பு என்பது, நவராத்திரிக் கொலுவில் ஒரு கதையையோ காட்சியையோ குறிப்பதற்காக ஒன்றாகச் செய்யப்பட்டு, ஒன்றாக விற்கப்பட்டு, ஒன்றாகவே படியில் வைக்கப்படும் பல பொம்மைகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது செட் பொம்மை அல்லது செட் எனப்படுகிறது. தசாவதார செட், இராமர் பட்டாபிஷேக செட், ஆழ்வார் செட், கல்யாண செட் முதலியன பரவலாக அறியப்பட்டவை ஆகும். தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியிலும், அம்மாநகராட்சியின் ஒரு பகுதியான திருவரங்கத்திலும் இத்தகைய தொகுப்புகளை ஆண்டுதோறும் சேர்த்து வருவது பல குடும்பங்களின் வழக்கமாக உள்ளது.

தனிப் பொம்மை ஒன்று உடைந்தால் இழப்பு அதனோடு முடிகிறது. தொகுப்பில் ஓர் உருவம் உடைந்தால் எஞ்சிய அனைத்தும் குறைபட்டவை ஆகின்றன. பெரும்பாலான கொலு பொம்மைகள் சிறு பட்டறைகளில் அச்சு கொண்டு கையால் செய்யப்படுவதால், சில ஆண்டுகளுக்குப் பின் அதே அளவில், அதே சாயலில் மாற்று உருவம் கிடைப்பது அரிது. ஆகவே தொகுப்பு வாங்குவோர் அதன் அழகுடன் முழுமை, ஒருமை, உறுதி, பழுது நீக்கும் வாய்ப்பு ஆகியவற்றையும் பார்க்கின்றனர். இவ்வாறு பார்த்து வாங்குவோர் இருந்தால்தான் மண்ணைப் பதமாகச் சுட்டு, பொறுமையாக வண்ணம் தீட்டும் கைவினைஞர்களும் தொழிலில் நிலைக்க முடியும்.

பெயரும் பின்னணியும்

கொலு என்னும் சொல் அரசர் அல்லது தெய்வம் அவையில் வீற்றிருக்கும் நிலையைக் குறிப்பதாகும். கொலுவிருத்தல், கொலுமண்டபம் ஆகிய சொற்களிலும் இப்பொருளே உள்ளது. விசயநகரப் பேரரசில் நவராத்திரி பெரும் அரச விழாவாக நடைபெற்றது. 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வந்த போர்த்துக்கீசரான தொமிங்கோ பயசு அவ்விழாவை விரிவாக எழுதியுள்ளார். மைசூர் உடையார்கள் 1610 ஆம் ஆண்டு முதல் தசரா விழாவை நடத்தி வந்தனர். அரசர் கொலுவிருக்கும் வழக்கமே வீடுகளில் பொம்மைகளின் கொலுவாக மாறியது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. ஆந்திரப் பகுதியில் இது பொம்மல கொலுவு என்றும், கர்நாடகத்தில் கொம்பே ஹப்பா என்றும் வழங்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் புரட்டாசி மாத மகாளய அமாவாசைக்குப் பின் கொலு தொடங்குகிறது. படிகள் 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைக்கப்படும். மரத்தால் ஆன மரப்பாச்சிப் பொம்மை இணையும் கலசமும் முதலில் வைக்கப்படுவது மரபு. ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. இவ்வழக்கத்தினால் கொலு வைக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு சேகரிப்பாளரின் வீடாகவும் ஆகிறது. விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வர்.

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும்

திருவரங்கம் அரங்கநாத சுவாமி கோயிலில் அரங்கநாயகித் தாயாருக்கு நவராத்திரி உற்சவம் நடைபெறுகிறது. தாயார் தம் சன்னதி எல்லையைத் தாண்டி வெளியே எழுந்தருளுவதில்லை. ஆதலால் படிதாண்டாப் பத்தினி என அழைக்கப்படுகிறார். நவராத்திரி நாட்களில் தாயார் கொலு மண்டபத்தில் காட்சி அளிப்பார். ஏழாம் நாளில் நடைபெறும் திருவடி சேவை புகழ் பெற்றதாகும். கோயிலைச் சூழ்ந்த உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், அடையவளஞ்சான் வீதிகள் ஆகியவற்றில் உள்ள வீடுகளில் அதே நாட்களில் கொலு வைக்கப்படுகிறது. மாலையில் பெண்களும் குழந்தைகளும் வீடு வீடாகச் சென்று கொலுவைக் கண்டு, வெற்றிலை பாக்கும் சுண்டலும் பெற்று வருவர். இவ்வாறு பலர் வந்து பார்ப்பதும் ஒப்பிடுவதும் பொம்மைகளின் தரம் குறித்த பேச்சு தலைமுறைகளாகத் தொடர்வதற்கு ஒரு காரணம் ஆகும்.

திருச்சிராப்பள்ளியில் சிங்காரத்தோப்பில் உள்ள பூம்புகார் விற்பனை நிலையம் நவராத்திரிக்கு முன்னர் கொலு பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது. பூம்புகார் என்பது 1973 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் வணிகப் பெயராகும். தமிழ்நாட்டுப் பொம்மைகளுடன் ஆந்திரா, கர்நாடகம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களின் பொம்மைகளும் இத்தகைய கண்காட்சிகளில் இடம்பெறுகின்றன. இவை தவிர, விழாக்காலத்தில் தெருவோரக் கடைகளும் தோன்றுகின்றன. தலையாட்டிப் பொம்மைக்குப் பெயர் பெற்ற தஞ்சாவூர் இங்கிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தஞ்சாவூர்ப் பொம்மை 2008-09 இல் புவிசார் குறியீடு பெற்றது.

தொகுப்பு வகைகள்

தொகுப்புகளை எண்ணிக்கை வரையறுக்கப்பட்டவை, வரையறுக்கப்படாதவை என இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் உருவங்களின் எண்ணிக்கை மரபால் உறுதி செய்யப்பட்டது. ஆறுபடை வீடு (6), அட்டலட்சுமி (8), நவக்கிரகம் (9), தசாவதாரம் (10), பன்னிரு ஆழ்வார்கள் (12) ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொகுப்பு முழுமை பெறாது.

இரண்டாம் வகையில் எண்ணிக்கை செய்பவரைப் பொறுத்தது. இராமர் பட்டாபிஷேகத்தில் இராமர், சீதை, இலக்குவன், பரதன், சத்துருக்கனன், அனுமன் ஆகியோர் அவசியம் இடம்பெறுவர். வசிட்டர், சுக்கிரீவன், வீடணன், அங்கதன் ஆகியோர் பெரிய தொகுப்புகளில் சேர்க்கப்படுவர். கல்யாண செட்டில் மணமக்கள், பெற்றோர், புரோகிதர், நாதசுவரம் தவில் வாசிப்போர், பந்தியில் அமர்ந்தோர் எனப் பலர் உள்ளனர். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், கிராமம், சந்தை ஆகியனவும் இவ்வாறே. கிரிக்கெட் செட்டில் களத்தில் நிற்போர் 11, மட்டையாளர் 2, நடுவர் 2 என 15 உருவங்கள் இருந்தால் ஆட்டக் காட்சி முழுமையாகிறது. கடைகளில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலும் கிடைக்கின்றது. எனவே பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் நம்பாது, உருவங்களை எண்ணிப் பார்ப்பது முதற்படியாகும்.

செய்பொருளும் செய்முறையும்

கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, காஞ்சிபுரம், புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூர், திருக்கனூர் ஆகியன பொம்மை செய்யும் ஊர்களில் குறிப்பிடத்தக்கவை. செய்பொருளின் அடிப்படையில் தமிழ்நாட்டுக் கொலு பொம்மைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

சுட்ட மண் பொம்மை: ஏரி, குளம் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் களிமண் கல், வேர் நீக்கிப் பிசையப்படுகிறது. முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் மண் தகடாக அழுத்தப்பட்டு, பின் இரண்டும் குழைத்த மண்ணால் ஒட்டப்படுகின்றன. நிழலில் உலர்த்திய பின் சூளையில் சுடப்படுகிறது. அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூசி வண்ணம் தீட்டுவர். கண்கள் கடைசியாக எழுதப்படும். இதனைக் கண் திறத்தல் என்பர்.

காகிதக்கூழ்ப் பொம்மை: ஊறவைத்து அரைத்த காகிதத்துடன் கிழங்கு மாவு, சுண்ணப்பொடி ஆகியன சேர்த்து அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. எடை குறைவு. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஈரமும் பூச்சியும் இதன் பகைகள்.

பாரிஸ் சாந்துப் பொம்மை: ஜிப்சத்தைச் சூடாக்கிப் பெறப்படும் மாவை நீரில் கரைத்து இரப்பர் அச்சில் ஊற்றிச் செய்யப்படுவது. சில நிமிடங்களிலேயே இறுகுவதால் குறைந்த நேரத்தில் மிகுதியாகச் செய்யலாம். சூளை தேவையில்லை. நுண்ணிய விவரங்கள் தெளிவாக விழும். ஆனால் விளிம்புகள் எளிதில் பொரிந்து விழுகின்றன. ஈரத்தை உறிஞ்சினால் வண்ணம் உரிகிறது.

இவை தவிர, ஆந்திராவின் கொண்டபள்ளிப் பொம்மைகள் எடை குறைந்த மரத்திலும், கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகள் அரக்கு மெருகுடன் மரத்திலும் செய்யப்படுகின்றன.

தரம் பார்த்தல்

முழுமை

உருவங்களை எண்ணிய பின் ஒவ்வோர் உருவமும் யாரைக் குறிக்கிறது என்று உறுதி செய்யப்படுகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரே உருவம் இருமுறை வைக்கப்பட்டு, மற்றொன்று விடுபட்டிருப்பது உண்டு. முதலாழ்வார்கள் மூவரும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் செய்யப்படுவதால் ஆழ்வார் தொகுப்பில் இத்தவறு நேர வாய்ப்பு மிகுதி.

அடையாளங்கள்

காவிய நாயகரையும் அடியாரையும் அவர்தம் கையில் உள்ள பொருளே காட்டிக் கொடுக்கும். தசாவதாரத்தில் வாமனருக்குக் குடையும் கமண்டலமும், பரசுராமருக்கு மழுவும், இராமருக்கு வில்லும், பலராமருக்குக் கலப்பையும், கல்கிக்குக் குதிரையும் வாளும் உரியவை. வட இந்தியத் தொகுப்புகள் பலவற்றில் பலராமருக்கு மாற்றாகப் புத்தர் இடம்பெறுகிறார். தென்னாட்டு வைணவ மரபில் பலராமரே கொள்ளப்படுகிறார். வெளிமாநிலத் தொகுப்பு வாங்குவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பர்.

ஆழ்வார்களில் ஆண்டாள் சாய்ந்த கொண்டையும் கிளியும், திருமங்கையாழ்வார் வாளும் கேடயமும், திருப்பாணாழ்வார் யாழ் அல்லது வீணையும், தொண்டரடிப்பொடியாழ்வார் பூக்குடலையும் கொண்டிருப்பர். திருப்பாணாழ்வார் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த உறையூரில் தோன்றியவர். தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பூமாலைத் தொண்டு செய்தவர். எனவே இவ்விரு உருவங்களின் அடையாளம் பிழைபட்டிருப்பது இப்பகுதியினரின் கண்ணுக்கு உடனே தெரியும். நெற்றித் திருமண்ணும் பார்க்கப்படுகிறது. தென்கலைத் திருமண்ணில் பாதம் மூக்கின் மேல் இறங்கியிருக்கும். வடகலைத் திருமண் புருவங்களுக்கு இடையில் வளைவாக முடியும். திருவரங்கம் கோயில் தென்கலை மரபினது. வீடுகளில் இரு மரபினரும் உள்ளனர். ஒரே தொகுப்பில் இரண்டும் கலந்து எழுதப்பட்டிருப்பது வண்ணம் தீட்டியவரின் கவனக்குறைவைக் காட்டும்.

நவக்கிரகத் தொகுப்பில் சூரியன் நடுவில் இருக்க, ஒன்றை ஒன்று பார்க்காதவாறு வைக்கத்தக்க வகையில் தனித்தனிப் பீடங்கள் அமைந்திருக்க வேண்டும். ஆறுபடை வீட்டில் திருப்பரங்குன்றத்துக்குத் தெய்வயானை திருமணமும், சுவாமிமலைக்குத் தந்தைக்கு உபதேசிக்கும் கோலமும், பழனிக்குத் தண்டூன்றிய கோலமும் உரியவை.

உடல்

பொம்மையைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்ப்பதே செய்பொருளை அறிய எளிய வழியாகும். சுட்ட மண் செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். பாரிஸ் சாந்து தூய வெண்மையாகவும், நகத்தால் கீறினால் மாவு உதிர்வதாகவும் இருக்கும். காகிதக்கூழ் மங்கிய சாம்பல் நிறமும் மிகக் குறைந்த எடையும் கொண்டது. அடிப்பகுதி முழுவதும் வண்ணம் பூசி மறைக்கப்பட்டிருந்தால் எடையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

மண் பொம்மையை விரலால் மெல்லச் சுண்டிப் பார்ப்பது பானை வாங்குவோர் அறிந்த முறையே ஆகும். நன்கு சுட்டது கணீரென ஒலிக்கும். வேகாததும் உள்ளே விரிசல் உள்ளதும் மந்தமாக ஒலிக்கும். வேகாத மண் நீர் பட்டால் மீண்டும் களிமண்ணாகிவிடும். எனவே அடியில் வண்ணம் படாத இடத்தை ஈர விரலால் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. விரலில் மண் குழைந்து ஒட்டினால் சூளை போதவில்லை என்று பொருள்.

அடுத்து, பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு பார்க்கப்படுகிறது. நன்கு செய்த பொம்மையில் இக்கோடு தேய்த்து நீக்கப்பட்டிருக்கும். கோட்டின் மேல் மயிரிழை விரிசல் காணப்பட்டால், இரு பாதிகளும் சரியாக ஒட்டவில்லை எனலாம். நீட்டிய கை, வில், குடை முதலியன உட்கம்பியுடன் பொருத்தப்பட்டனவா என்றும் பார்ப்பர். இறுதியாகச் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா எனச் சோதிப்பர். படியின் மேல் துணி விரிக்கப்படுவதால், கடையில் சற்றே ஆடும் பொம்மை வீட்டில் மேலும் ஆடும்.

முகமும் வண்ணமும்

இரு கண்களும் ஒரே மட்டத்தில் இருத்தல், கருவிழிகள் ஒரே திசையை நோக்குதல், உதட்டுக் கோடு வாய் அச்சுடன் பொருந்துதல் ஆகியன முகத்தில் பார்க்கப்படும். ஆடையின் கரை மடிப்புகளின் மேல் தொடர்ந்து செல்கிறதா என்பது தீட்டியவரின் பொறுமையைக் காட்டும். மிகுந்த பளபளப்பும் மினுக்குத் தூளும் அச்சின் தெளிவின்மையை மறைக்கக்கூடும். ஆகவே பளபளப்பை மட்டும் தரத்தின் அடையாளமாகக் கொள்ள இயலாது.

ஒருமை

தொகுப்புக்கே உரிய சோதனை இதுவாகும். எல்லா உருவங்களும் ஒரே அளவு விகிதத்தில் உள்ளனவா, பீடங்களின் உயரம் ஒன்றா, தோல் நிறமும் முகச்சாயலும் ஒரே கையால் தீட்டப்பட்டவையா எனப் பார்க்கப்படும்.

இதில் மறு அச்சு எனப்படும் குறையை அறிந்திருத்தல் பயனுள்ளது. மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குகிறது. மண்ணின் தன்மையைப் பொறுத்து இச்சுருக்கம் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். மூல அச்சு தேய்ந்தோ தொலைந்தோ போனால், முடிந்த பொம்மையின் மேலேயே புதிய அச்சு எடுக்கப்படுவது உண்டு. அவ்வச்சில் செய்யப்படும் பொம்மை மூலத்தைவிடச் சிறியதாகவும், விரல், மூக்கு, நகை முதலிய இடங்களில் மழுங்கியதாகவும் இருக்கும். இவ்வாறு செய்த இலக்குவன், மூல அச்சில் செய்த இராமரின் அருகில் வைக்கப்பட்டால் சிறுவன் போலத் தோன்றுவார். தொகுப்பின் உருவங்களை ஒரே வரிசையில் வைத்து உயரத்தையும் முகத் தெளிவையும் ஒப்பிட்டால் இக்குறை எளிதில் புலப்படும்.

சேகரிக்கும் முறை

முழுத் தொகுப்பையும் ஒரே முறையில் வாங்குவது முதல் வழி. விலை மிகுதியாயினும் ஒருமை உறுதியாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று உருவங்களாக வாங்கி நிறைவு செய்வது இரண்டாவது வழி. இதில் செலவு பரவலாகிறது. ஆனால் இடையில் செய்பவர் தொழிலை விட்டுவிட்டாலோ அச்சை மாற்றிவிட்டாலோ தொகுப்பு பாதியில் நின்றுவிடும். எனவே இவ்வழியைக் கொள்வோர், தனியே நின்றாலும் பொருள் தரும் உருவங்களையும், எளிதில் கிடைக்காத உருவங்களையும் முதலில் வாங்குவது நல்லது.

முன்பே வாங்கிய உருவங்களின் உயரத்தை அங்குலக் கணக்கில் குறித்து வைத்து, அடுத்த ஆண்டு கடைக்குச் செல்லும்போது ஓர் உருவத்தையோ அதன் படத்தையோ உடன் கொண்டு செல்வது நடைமுறையில் உதவும். வாங்கிய ஆண்டு, ஊர், செய்பொருள் ஆகியவற்றை அடியில் பென்சிலால் எழுதி வைத்தால் பிற்காலத்தில் பழுது நீக்குவோருக்கும் பயன்படும்.

சேகரிப்பின் மதிப்பு குறித்து இரு கருத்துகள் உள்ளன. புதிய வண்ணமும் குறையற்ற தோற்றமும் கொண்டதே படியில் வைக்கத் தக்கது என்பது ஒன்று. பழைய அச்சு, பழைய வண்ணம் ஆகியவற்றுடன் கூடிய பொம்மை மங்கியிருந்தாலும் மாற்றக் கூடாதது என்பது மற்றொன்று. உடைந்த தெய்வ உருவத்தை வழிபாட்டில் வைக்கலாகாது என்ற நம்பிக்கை முதல் கருத்துக்கு வலிமை சேர்க்கிறது. மனித உருவங்கள், விலங்குகள், கடைக்காரச் செட்டியார் பொம்மை முதலியவற்றில் இரண்டாம் கருத்தைப் பின்பற்றத் தடை இல்லை.

பாதுகாப்பும் பழுது நீக்கலும்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் அமைந்த தீவாகும். திருச்சிராப்பள்ளி 1977, 2005 ஆகிய ஆண்டுகளில் வெள்ளத்தைக் கண்டது. பொம்மைப் பெட்டிகளைத் தரையில் வைக்காது பரணில் ஏற்றுவதற்கு இடவசதியுடன் ஈரம் குறித்த அச்சமும் காரணம் ஆகும். நவராத்திரி முடிந்த சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஈரக் காற்றில் அவசரமாகக் கட்டி வைக்கப்படும் பொம்மைகளில் பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே ஓரிரு நாட்கள் காற்றோட்டமான நிழலில் வைத்து, உலர்ந்த தூரிகையால் தூசு நீக்கிய பின் கட்டுவது சிறந்தது.

ஒவ்வோர் உருவத்தையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, ஒரு தொகுப்புக்கு ஒரு பெட்டி என வைத்து, பெட்டியின் மேல் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதுவது வழக்கம். செய்தித்தாள் மை வண்ணத்தில் ஒட்டக்கூடும் என்பதால் அதனை நேரடியாகச் சுற்றாமல் துணிக்கு வெளியே இடைவெளி நிரப்பப் பயன்படுத்துவர். காகிதக்கூழ்ப் பொம்மைகளுடன் வேப்பிலையோ அந்துருண்டையோ வைக்கப்படும். உருண்டை வண்ணத்தைத் தொடாதவாறு தனித் துணியில் முடிந்து வைத்தல் வேண்டும். கனமான மண் பொம்மை அடியிலும், காகிதக்கூழ்ப் பொம்மை மேலும் இருத்தல் வேண்டும்.

உடைந்த துண்டுகளை உடனே திரட்டி, ஒரே உறையில் இட்டு வைத்தால் பெரும்பாலான உடைவுகளைச் சரி செய்ய இயலும். மர ஒட்டுப் பசையுடன் சுண்ணப்பொடி கலந்த கூழ் சிறு குழிகளை நிரப்பப் பயன்படுகிறது. உலர்ந்த பின் தேய்த்து வண்ணம் இடலாம். பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் எனக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016 இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. எனவே அதற்கு முற்பட்ட பொம்மைகளை உப்புத்தாளால் உலரத் தேய்த்துத் தூசு எழுப்புவதும், அவற்றைக் குழந்தைகள் வாயில் வைக்க விடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

சரிசெய்ய முடியாத பொம்மைகளை ஆற்றில் விடும் பழக்கம் உண்டு. சுடாத மண் ஆற்றில் கரைந்துவிடும். பாரிஸ் சாந்து எளிதில் கரையாது. அதன் வண்ணங்களும் நீரைக் கெடுக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதம் வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிகள், நீரில் கரைக்கப்படும் சிலைகளுக்குப் பாரிஸ் சாந்தைத் தடை செய்கின்றன. வாங்கும் நாளில் செய்பொருளைப் பார்ப்பது இவ்வகையிலும் பொருள் உடையது.

புதிய நாயகர்களும் கட்டுமானப் பொம்மைகளும்

கொலுவின் பக்கத்தில் குழந்தைகள் மணல், முளைவிட்ட தானியம், சிறு வண்டிகள் ஆகியவற்றால் பூங்கா அமைப்பர். இது பார்க் எனப்படுகிறது. படியில் வைக்கப்படாத புதிய பொம்மைகளுக்கு இப்பூங்கா இடம் அளிக்கிறது. 2008 இல் தொலைக்காட்சியில் தொடங்கிய சோட்டா பீம் தொடரின் நாயகன் மண்ணிலும் சாந்திலும் செய்யப்பட்டுக் கொலுச் சந்தைக்கு வந்தான். சிலந்தி மனிதன், பேட்மேன் முதலிய அமெரிக்கச் சித்திரக்கதை நாயகர்களின் பிளாஸ்டிக் உருவங்களும், அடுக்கிப் பொருத்தும் கட்டைகளால் ஆன கட்டடங்களும் சில வீடுகளின் பூங்காக்களில் காணப்படுகின்றன.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டை, இன்று விற்கப்படும் கட்டையுடனும் பொருந்துவதாகும். அந்நிறுவனம் சிறு மனித உருவங்களை 1978 முதலும், பேட்மேன் தொகுப்புகளை 2006 முதலும், பல நாயகர்கள் அடங்கிய சூப்பர் ஹீரோ வரிசையை 2012 முதலும் வெளியிட்டது. அவ்வகைத் தொகுப்பைத் தரம் பார்ப்போர் கட்டைகளின் பிடிப்பு, நிறத்தின் ஒருமை, துண்டுகளின் எண்ணிக்கை, உருவத்தின் மேல் அச்சிட்ட கோடுகளின் தெளிவு ஆகியவற்றைப் பார்க்கின்றனர். முழுமையும் ஒருமையும் அங்கும் அளவுகோல்களாக உள்ளன. முக்கிய வேறுபாடு மாற்றுத் துண்டில் உள்ளது. ஆலைக் கட்டை தொலைந்தால் பெரும்பாலும் அதே அளவில் வேறொன்று பெறலாம். மண் பொம்மைக்கு அதைச் செய்தவரின் அச்சைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020 இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இவ்வாணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இதனால் சிறு பட்டறைகள் சோதனைக் கட்டணச் சுமையிலிருந்து தப்பின. அதே சமயம், அப்பொம்மைகளின் தரத்தை வாங்குபவரே பார்த்தறிய வேண்டியுள்ளது.

இன்றைய நிலை

அடுக்குமாடி வீடுகளில் பரண் இல்லாமையும், கனமான பெட்டிகளை இறக்கி ஏற்ற ஆள் இல்லாமையும் பெரிய கொலுக்களைக் குறைத்து வருகின்றன. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் வீடுகளில் பொம்மைகள் பல ஆண்டுகள் திறக்கப்படாமலே இருந்துவிடுகின்றன. குடும்பம் பிரியும்போது தொகுப்புகளும் பிரிகின்றன. தசாவதாரத்தில் ஐந்து ஒருவருக்கும் ஐந்து மற்றவருக்கும் எனப் பங்கிட்டால் இருவருக்கும் தசாவதாரம் இல்லாமல் போகிறது. எண்ணிக்கையில் சமம் இல்லாவிடினும் தொகுப்பு முழுவதையும் ஒருவரிடமே கொடுப்பது, அதனைக் காக்கும் வழியாகும். கொலு வைக்க இயலாதோர் உறவினருக்கோ, பள்ளிக்கோ, கோயிலுக்கோ முழுத் தொகுப்பாக அளிப்பதும் உண்டு.

செய்பவரின் பக்கத்திலும் இதே போன்ற முறிவு ஏற்படுகிறது. களிமண் கிடைப்பதில் உள்ள தடைகள், விறகின் விலை, மழைக்காலத்தில் உலர்த்த இயலாமை, ஆண்டில் சில வாரங்களே நீடிக்கும் விற்பனை ஆகியன மண் பொம்மைத் தொழிலின் இடர்கள் ஆகும். பாரிஸ் சாந்தில் சூளை தேவைப்படாமையால் பலர் அதற்கு மாறினர். ஒரு பட்டறை மூடப்படும்போது அதன் மூல அச்சுகள் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன. அவ்வச்சில் பிறந்த தொகுப்புகள் எந்தெந்த வீட்டில் உள்ளனவோ, அவற்றில் உடையும் உருவத்திற்கு அதன் பின் மாற்று கிடையாது.

விலையையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து வாங்கும் இடத்தில், பதமாகச் சுட்ட மண்ணுக்கும் வேகாத மண்ணுக்கும், மூல அச்சுக்கும் மறு அச்சுக்கும் ஒரே விலையே கிடைக்கும். அங்கு கூடுதல் உழைப்புக்கு ஊதியம் இல்லை. சுண்டிப் பார்த்து, அடியைத் திருப்பிப் பார்த்து, உயரத்தை ஒப்பிட்டு, அடையாளங்களைச் சொல்லிக் கேட்டு வாங்கும் பழக்கம் திருவரங்கம் போன்ற ஊர்களில் வீட்டுப் பெரியோரிடமிருந்து இளையோருக்கு வாய்மொழியாகவே வந்தது. பரணிலிருந்து பெட்டிகளை இறக்கும் நாளில் குழந்தைகளையும் உடன் வைத்துக்கொண்டு, எந்த உருவம் யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எங்கே ஒட்டப்பட்டது என்று சொல்லிக் கொடுக்கும் வீடுகளில் இவ்வறிவு தொடர்கிறது.